எச்சிலால் துடைத்த முகம்

ஆமாம், எச்சில்தான். என் வாயில் ஊறிய எச்சில். அதைப் பஞ்சில் தொட்டு, மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பிரபுக்களின் நெற்றியையும் மூக்கையும் துடைத்து நான் சம்பளம் வாங்கினேன். ஓவியத்தைப் பழுதுபார்ப்பவன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். செய்த வேலை இதுதான்.

நியூ ஜெர்சியில் நான் ஓய்வு பெற்ற சின்ன அருங்காட்சியகத்திலிருந்து, இப்போது அங்கே வேலை செய்யும் ஒரு இளம்பெண் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். அவர்கள் இப்போது புட்டியில் வரும் திரவத்தையும் ஜெல் போன்ற ஒரு வகைக் களியையும் வைத்துத்தான் ஓவியங்களைச் சுத்தம் செய்கிறார்களாம். "நிஜமாகவே நீங்கள் எச்சில் தொட்டா துடைத்தீர்கள்?" என்று கேட்டாள். வெதுவெதுப்பு, நொதிகள், காரமுமில்லாத அமிலமுமில்லாத தன்மை, புகையையும் பிசுக்கையும் தூக்கிவிட்டு வண்ணத்தைத் தொடாமல் விடும் குணம் என்று ஆங்கிலத்தில் கூச்சமே இல்லாமல் விளக்கினேன். அவள் ஆச்சரியப்பட்டு நன்றி சொன்னாள். அவளுக்குச் சொன்னது பாதிதான். மீதியைச் சொன்னாலும் அவளுக்கு அதில் என்ன கூச்சம் என்று விளங்காது. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்காதவர்களுக்கு விளங்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் வேதியியல் எம்.எஸ்சி. படித்துவிட்டு, செப்புத் திருமேனிகளில் பிடித்த பச்சைக் களிம்பை எடுக்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். தொண்ணூறில் என் மனைவி விஜயாவைக் கணினி வேலைக்கு அமெரிக்கா அழைத்தது. நானும் மகள் உமாவும் கூட வந்தோம். என் விசாவில் எழுதியிருந்த சொல்லுக்குத் தமிழில் 'சார்ந்து வாழ்பவர்' என்று பொருள். பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு அடுக்ககத்தில் ரசம் வைத்தேன், உமாவைப் பள்ளியில் விட்டேன், மிச்ச நேரத்தில் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத தொண்டனாகப் பஞ்சு சுற்றினேன். க்ரீன் கார்டு வந்த பிறகு, சம்பளம் வாங்கிக்கொண்டு பஞ்சு சுற்றினேன். நடுவில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு போய் ஒரு சான்றிதழும் வாங்கினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

என் மேலதிகாரியின் பெயர் ரூத். அறுபது வயதை நெருங்கியவர். உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மறந்துபோய், அதையே மேசையெல்லாம் தேடுவார். ஒரு படத்தையும் அவர் 'அழகு' என்று சொல்லிக் கேட்டதில்லை. புதிதாக ஒரு படம் வந்தால் முதல் நாள் காலை முழுவதும் யாரும் எதையும் தொடக்கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊரில் எல்லோரும் அவரை ரூத் என்றே அழைத்தார்கள். எனக்கு அது வர எத்தனையோ வருடம் ஆயிற்று. அதுவரை எதுவும் சொல்லி அழைக்காமல், அவர் திரும்பும்வரை அருகில் நின்று கொண்டிருப்பேன்.

தொண்ணூற்றெட்டில் அந்தப் படம் வந்தது. இடுப்புக்கு மேல் ஒரு ஆண், கறுப்பு அங்கி. ஓவியர் யார் என்று தெரியாது, படத்துக்காக உட்கார்ந்தவர் யார் என்றும் தெரியாது. நன்கொடை கொடுத்தவர் வீட்டில் தலைமுறைகளாகக் கணப்புக்கு மேலே தொங்கியதால், பழுத்த வார்னிஷின் மேல் புகை படிந்து, படமே பழைய புளி நிறத்தில் இருந்தது.

"இந்த ஆளுக்குக் கிரீடம் இல்லை, சிம்மாசனம் இல்லை, பின்னால் படை இல்லை. இவர் அதிகாரமுள்ளவர் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் ரூத்.

"முகம்," என்றேன்.

"முகம் அப்புறம். முழங்கையைப் பார்."

பார்த்தேன். படத்தின் கீழ் விளிம்பில் ஒரு கல் திட்டு வரையப்பட்டிருந்தது. நமக்கும் அவருக்கும் அதுதான் எல்லை. அவர் கையை இடுப்பில் ஊன்றியிருந்ததால் முழங்கை அந்தத் திட்டைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நம் இடத்தில் கொஞ்சத்தை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார், கேட்கவுமில்லை. உடல் ஒரு பக்கம் திரும்பியிருந்தது, முகம் மட்டும் நம்மை நோக்கி வந்திருந்தது. நாம் கூப்பிட்டு அவர் திரும்பியதுபோல, பதில் சொல்லலாமா என்று இன்னும் முடிவு செய்யாததுபோல. ஒரு கையில் கையுறை, மற்றதைக் கழற்றிப் பிடித்திருந்தார். தன் கையால் வேலை செய்கிறவனுக்குக் கையுறையைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமிருக்காது. கறுப்பு உடையும் எளிமைக்காக அணிந்ததில்லை. அந்தக் காலத்தில் துணியில் நல்ல கறுப்பு ஏற, சாயத்தில் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். எளிமையாகத் தெரிவதற்கு அவ்வளவு செலவு.

எக்ஸ்ரே எடுத்தோம். அடியில் வேறொரு கை தெரிந்தது. முதலில் அந்த மனிதர் கையை அடக்கமாக மார்பின் மேல் வைத்துத்தான் வரையப்பட்டிருந்தார். முழங்கை பிறகு வந்திருக்கிறது. பிற்காலத்தில் எவனோ ஒட்டிய வேலையாக இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். ஓவியரே மாற்றியதாக இருந்தால் தொடக்கூடாது. வெடிப்புகளை உருப்பெருக்கியில் தொடர்ந்து போனேன். மேல் வண்ணத்திலும் அடி வண்ணத்திலும் ஒரே வெடிப்பு ஓடியது. இரண்டும் சேர்ந்தே காய்ந்தவை, அப்படியென்றால் மாற்றியது ஓவியரேதான்.

"உட்கார்ந்தவர் கேட்டு வாங்கிய முழங்கை," என்றார் ரூத். "சரி, நீ அப்படி நில்."

உட்கார்ந்தவரின் உடல் நிலையை நாமும் நின்று பார்ப்பது அவருடைய வழக்கமான சோதனை. எங்கே வலிக்கிறது, எது இயல்பு, எது வேஷம் என்று உடம்பு சொல்லிவிடுமாம். நான் இடுப்பில் கை ஊன்றி நின்றேன். ரூத் என்னைச் சுற்றி வந்தார்.

"நீ கதவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நிற்கிறாய்," என்றார்.

இனி செய்முறை. காலை உணவுக்குப் பின் வாயை வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். மெல்லிய மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, படத்தின் மேல் உருட்ட வேண்டும். தேய்க்கக்கூடாது. பஞ்சு பழுப்பானதும் எறிந்துவிட வேண்டும். படத்தைத் தொட்ட பஞ்சு மறுபடி வாய்க்கு வரவே கூடாது. புகை போன பிறகு சுத்த நீரில் நனைத்த பஞ்சால் மிச்சத்தை எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வார்னிஷைக் கரைக்கும் திரவங்கள். அப்படி ஒரு நாளில் ஒரு கன்னம் ஆனால் நல்ல நாள்.

இது விஜயாவுக்கு மட்டும் தெரியும். "வெளியில எங்கயும் சொல்லித் தொலைச்சிராதீங்க" என்று எச்சரித்திருந்தாள். சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களில் எல்லாம் நான் 'மியூசியம் சயன்டிஸ்ட்'. பொய் இல்லை. பழுப்பாகும்வரை உருட்டுவதும் விஞ்ஞானம்தான்.

அந்த வருடம் உமா கார்த்திக்கைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தாள். ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பையனின் அப்பா தண்டபாணி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் மேடையை விட்டு இறங்காதவர். "பொண்ணைப் பிடிச்சிருக்குது. குடும்பத்தையும் ஒருக்கா பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்று விஜயாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவருடைய சம்மதம் இல்லாமல் கார்த்திக் வரமாட்டான். கார்த்திக் இல்லாமல் உமா வேறு யாரையும் பார்க்கமாட்டாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குடும்பத்தைப் பார்க்க அவர் வீட்டுக்கு வருவார் என்று விஜயா புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டாள். அவர் அருங்காட்சியகத்துக்கு வந்தார்.

சனிக்கிழமைகளில் பார்வையாளர்கள் எங்கள் கூடத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்கலாம். அன்று நான் கறுப்பு அங்கிக்காரரின் மூக்கில் இருந்தேன். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தண்டபாணியும் அவர் மனைவி சரசக்காவும் நின்றிருந்தார்கள். ரூத், உறவினர்கள் என்று தெரிந்ததும் கதவைத் திறந்து உள்ளேயே கூட்டி வந்துவிட்டார். என் வாயில் குச்சி.

"ஏனுங் சார், இந்தப் பக்கம் வந்தோம். அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு," என்றார் தண்டபாணி. "வேலையைப் பாருங்க, வேலையைப் பாருங்க. நிறுத்தாதீங்க."

நிறுத்தியிருக்கலாம். சொன்னதைக் கேட்டே பழகிய உடம்பு, குச்சியை வாயிலிருந்து எடுத்து மூக்கின் மேல் உருட்டியது. பஞ்சு பழுப்பானது. எறிந்தேன். அடுத்த குச்சி தானாக வாய்க்குப் போனது.

"அது என்னங்க, மருந்தா?" என்று என்னைக் கேட்ட சரசக்கா, குச்சியைக் காட்டி ரூத்திடமும் "மெடிசின்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரூத் முந்திக்கொண்டார். சக ஊழியரைப் புகழ அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. "மருந்தே இவர்தான்! இந்தக் கட்டடத்திலேயே சிறந்த எச்சில் இவருடையது. காபி இல்லை, சிகரெட் இல்லை, இறைச்சி இல்லை. முக்கியமான முகங்களை எல்லாம் இவருக்குத்தான் கொடுக்கிறேன்."

அவ்வளவு மனமாரப் பாராட்டி என்னைப் பற்றி வேறு யாரும் அதுவரை பேசியதில்லை.

தண்டபாணி படத்தைப் பார்த்தார். தொட்டியில் கிடந்த பழுப்புப் பஞ்சுகளைப் பார்த்தார். "எங்க கம்பெனில ஒருத்தன் தும்முனாலே பேட்ச் மொத்தமும் குப்பைக்குப் போயிருமுங்க," என்றார்.

"அட, கொழந்தை மூஞ்சில மை இழுவிக்கிட்டா நாம எச்சில் தொட்டுத் தொடைக்கறதில்லையா?" என்றார் சரசக்கா.

"நீ சும்மா இரு."

கிளம்பும்போது நான் கை நீட்டினேன். அவர் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. என் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பியது. ரூத் ஒன்றும் கவனிக்கவில்லை. "நல்ல மனிதர்கள்," என்றார்.

அதன் பிறகு தண்டபாணி வீட்டிலிருந்து தொலைபேசி வரவில்லை. "அப்பா, கார்த்திக்கோட டாட் ஒரு மாதிரி வியர்டா இருக்கார். டிட் சம்திங் ஹேப்பன்?" என்று உமா கேட்டாள். "ஒண்ணுமில்லைம்மா, மியூசியம் பாத்துட்டுப் போனார்" என்றேன். விஜயா அடுப்பைப் பார்த்தபடியே, "பாக்க வேண்டியதையெல்லாம் பாத்துட்டார்" என்றாள். நான் தப்பாக எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். காலையில் வாய் கொப்பளிக்கும்போதெல்லாம் காது சுட்டது.

முகத்தில் வார்னிஷை எடுக்கும் கட்டம் வந்தது. இதில்தான் எங்கள் தொழிலில் பெரிய பாவம் நடக்கும். ஓவியர் கடைசியாகப் பூசிய மெல்லிய மேற்பூச்சு வார்னிஷுக்கு நேர் அடியில் இருக்கும். சதைக்குச் சூட்டையும் முகத்துக்கு உயிரையும் தருவது அதுதான். ஆசைப்பட்டு இன்னொரு முறை உருட்டினால் அதுவும் கரைந்து வந்துவிடும். அப்படிப்பட்ட படத்தைத் தோல் உரிந்த படம் என்போம். "ஒரு படி முன்னாலேயே நிறுத்து. குறைவாகச் சுத்தம் செய்தால் நாளைக்குச் செய்யலாம். அதிகமாகச் செய்தால் ஓவியரிடம் போய் மன்னிப்புக் கேட்கக்கூட முடியாது," என்பார் ரூத்.

கண்ணருகே வந்தபோது நான் ஒரு படி முன்னாலேயே நிறுத்தினேன். கீழிமையின் விளிம்பில் மயிரிழை போல ஓர் இளஞ்சிவப்புக் கோடு. அதன் மேல் ஈரம். வாயின் ஓரம் உள்பக்கமாகக் கொஞ்சம் மடிந்திருந்தது, பல்லால் பிடித்து வைத்திருப்பதுபோல. தூங்காத மனிதன். யாருக்கோ பயந்த மனிதன். அவ்வளவு பெரிய முழங்கையை ஏன் கேட்டு வாங்கினார் என்று விளங்கியது.

ரூத் வெகு நேரம் பார்த்தார். "முழங்கைக்கு அவர் காசு கொடுத்தார். இமையை ஓவியர் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்," என்றார். நல்ல உருவப்படம் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அதிகாரம் உடம்பில் இருக்கும். குணம் எங்காவது ஓரத்தில், உட்கார்ந்தவர் பார்க்காத இடத்தில் இருக்கும்.

அடுத்த வாரம் தண்டபாணி ஒருவழியாக வீட்டுக்கு வந்தார், மனைவியோடும் கார்த்திக்கோடும். ஒற்றை சோபாவில் உடம்பை டிவி பக்கமாகவும் முகத்தை எங்கள் பக்கமாகவும் வைத்து அமர்ந்தார். முழங்கை, பக்கத்துக் குட்டி மேசைவரை நீண்டிருந்ததால் விஜயா காபித் தட்டை வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். கையுறைக்குப் பதில் ஜெர்மன் கார் சாவி. நான் எதிர் நாற்காலியின் நுனியில், கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தேன். பழைய தேவாலயப் படங்களில் காசு கொடுத்தவரைக் கீழ் மூலையில் சின்னதாக மண்டியிட வைத்திருப்பார்கள். அதில்கூட முதுகு இன்னும் கொஞ்சம் நேராக இருக்கும்.

"நேரா விஷயத்துக்கு வந்தர்றேனுங்க," என்றார். "பொண்ணு தங்கம். அதுல பேச்சில்லை. ஆனா கல்யாணத்துக்கு ஊர்ல இருந்து எங்க சொந்தம் அத்தனையும் வருது. சம்பந்தி என்ன பண்றார்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

கார் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்க லேப்ல ஒரு போஸ்ட் இருக்குதுங்க. நீங்க எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அந்த வேலையை விட்டுட்டு மண்டே வந்து ஜாயின் பண்ணுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சர்லாம்."

உமா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவள் கல்யாணம் இருந்தது. கட்டடத்திலேயே சிறந்த வாய் வறண்டு போயிருந்தது. சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சரசக்கா முந்திக்கொண்டார். "மோட்டல்ல கக்கூஸ் கழுவுனதை நீங்க யாருகிட்ட சொன்னீங்க?"

"சரசு."

"டெக்ஸஸ்ல, வந்த புதுசுல. ரெண்டு பேரும் சேந்துதான கழுவுனோம்? ஊருக்கு எழுதறப்ப 'ஹோட்டல் மேனேஜ்மென்ட்'னு எழுதுனீங்க. உங்கப்பா அதை டீக்கடையில படிச்சுக் காட்டுனாரு. இவரு எச்சிலைத் தொட்டுப் படந்தான தொடைக்கறாரு? நாம எதைத் தொடைச்சோம்?"

அதோடு நின்றிருந்தால் சரியான சுத்தம். அவர் நிற்கவில்லை. எத்தனை வருடம் வாயை மூடி வைத்திருந்தாரோ. "அந்த வேலையும் போச்சுன்னு சொன்னப்ப ஓனர் கால்ல விழுந்து அழுதீங்க. நான் அந்த ரூம் வாசல்ல பெட்ஷீட்டோட நின்னுட்டிருந்தேன். என்னைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி எந்திரிச்சீங்க."

முழங்கை மேசையிலிருந்து இறங்கியது. கார்த்திக் தன் அப்பாவை முதல்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய கீழிமை சிவந்து, விளிம்பில் ஈரம் நின்றது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோட்டுப் பைக்குள்ளேயே இருந்த கைக்கு இது பதில். ஆனால் எனக்கு வந்தது வெட்கம்தான். எனக்காகப் பட்ட வெட்கத்தைவிடப் பெரிய வெட்கம். ஒரு மனிதரை என் வீட்டுக் கூடத்தில், அவர் பிள்ளை முன்னால், தோலை உரித்துக் காட்டியிருக்கிறார்கள், நான் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வண்ணம் போன இடத்தை நிரப்பவும் எங்கள் தொழிலில் முறை இருக்கிறது. போன இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும், பக்கத்து வண்ணத்தின் மேல் ஏறக்கூடாது.

"அக்கா, காபி ஆறுது," என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, அதுவரை சொல்லத் துணியாத சொல்லைச் சொன்னேன். "சம்பந்தி, எங்களுக்கு இந்த ஊர்ல முன்ன நிக்கப் பெரியவங்கன்னு யாருமில்லை. இந்தக் கல்யாணத்தை நீங்கதான் நின்னு நடத்திக் குடுக்கணும். என் வேலை மட்டும் என்னோடயே இருக்கட்டும்."

அவர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். காபியை எடுத்தார். பாதி குடித்த பிறகு குரல் வந்தது. "மண்டபம் நான் பாத்துக்கறேனுங்க. சமையலுக்கு நம்மாளு ஒருத்தர் இருக்கார்." இன்னும் இரண்டு வாய் குடித்தார். "பத்திரிகையில மட்டும் சயன்டிஸ்ட்னு போட்டுக்கலாமுங்களா?"

"போடுங்க," என்றேன்.

உமா நிமிர்ந்து பார்த்தாள். என் வேலை என்னோடயே இருக்கட்டும் என்றதற்கு அவள் கண்ணில் வந்த வெளிச்சம், 'போடுங்க' என்றதற்குக் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் கல்யாணம் நடக்கப்போகிறது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மாமியாருக்கு முறுக்கு வைத்தாள்.

கல்யாணத்துக்கு ரூத்தும் வந்தார். விஜயா அவரை இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினுக்குக் கூட்டிப்போய்ப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, அவளே கட்டிவிட்டு, எங்கெல்லாமோ ஊக்குகள் குத்தியிருந்தாள். வாசலில் தண்டபாணி பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த அவர் தாய்மாமாவுக்கு என்னை அறிமுகம் செய்தார். அப்போது ரூத் என் அருகில் வந்து நின்றார்.

"இந்தம்மா யாருப்பா?" என்றார் மாமா.

"இவங்க சம்பந்திகிட்டதான் வேலை பாக்கறாங்க மாமா. அசிஸ்டன்ட்."

"அப்படியா! நம்மாளுக்குக் கீழ வெள்ளைக்காரியா!" மாமா என்னை வேட்டி நுனியிலிருந்து நெற்றித் திருநீறுவரை புது மரியாதையோடு பார்த்தார்.

அந்த ஒரு ஆங்கிலச் சொல் ரூத்தின் காதில் விழுந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் திருத்துவேன் என்று காத்திருந்தார் போலும். நாதஸ்வரம் பலமாக இருந்தது. அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். பிறகு அவர் தண்டபாணியின் முகத்தைப் பார்த்தார். முகங்களைப் பார்ப்பதே தொழிலானவர். எவ்வளவு தெரிந்துகொண்டாரோ, மாமாவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பி, "ஆமாம், இவரிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். கார்த்திக்கின் தங்கை அதை மாமாவுக்குத் தமிழில் சொன்னாள்.

மாமாவுக்குப் பரம திருப்தி. என் தோளில் கை போட்டு, "வேலையெல்லாம் ஒழுங்காப் பாக்கறாங்களா?" என்று கேட்டார். தண்டபாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மணவறையில் உமா உட்கார்ந்துவிட்டாள். இன்னும் தாலி ஏறவில்லை. ரூத் இந்தத் தமிழ் ஒன்றும் புரியாமல் புன்னகையோடு நின்றிருந்தார்.

"பரவாயில்லைங்க," என்றேன். "சொன்னாக் கேட்டுக்குவாங்க."